பாலூட்டிகளின் மூளையில் பொட்டாசியம் கால்வாய்த் துணையலகுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் பொட்டாசியம் கால்வாய்களுக்கு என்ன வேலை?

நரம்பு செல்லின் உள்ளே பொட்டாசியம் அயனியின் செறிவு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். செல்லுக்கு வெளியே, மூளைத் திசுவின் இடைத்திரவத்தில், அது ஏறத்தாழ 3 மில்லிமோல்தான். செல் சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடும் புரதத் துளை ஒன்று திறந்தால் அயனிகள் உள்ளிருந்து வெளியேறும். அதனால் செல்லின் உட்புறம் மைனஸ் 90 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இழுக்கப்படும். அதாவது, எந்தப் பொட்டாசியம் கால்வாய் திறந்தாலும் பொதுவாக விளைவது அடக்கம்தான். ஓய்வு நிலை மின்னழுத்தத்தைக் காப்பது, துடிப்பை, அதாவது செயல்நிலை மின்னழுத்தத்தை, முடித்துவைப்பது, அடுத்த துடிப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது, நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்சில் எவ்வளவு வேதித்தூது வெளியாகலாம் என்று வரம்பிடுவது ஆகிய அனைத்தும் இந்த ஒரே விளைவிலிருந்து பிறப்பவை. அந்த அடக்கம் செல்லின் எந்த இடத்தில், எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதே ஒரு கால்வாயை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

துணையலகு என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு முழுக் கால்வாய் ஒரே புரதம் அன்று. மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாய்களில் நான்கு ஆல்ஃபா துணையலகுகள் வட்டமாகக் கூடி நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு துணையலகும் சவ்வை ஆறு முறை ஊடுருவுகிறது. நான்காவது ஊடுருவல் பகுதியில் நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினின் அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்து மின்னழுத்த மாற்றத்தை உணர்கின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் துளையின் சுவராகின்றன. துளையின் மிகக் குறுகிய இடத்தில் இருக்கும் வடிகட்டி, சோடியத்தைவிடப் பொட்டாசியத்துக்குப் பத்தாயிரம் மடங்கு முன்னுரிமை தந்துகொண்டே வினாடிக்குப் பத்துக் கோடியை நெருங்கும் அயனிகளைக் கடத்துகிறது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது என்பதை நினைத்தால் இது எளிதில் விளங்காத செயல். ராடரிக் மெக்கின்னன் 1998-இல் ஒரு பாக்டீரியக் கால்வாயின் கட்டமைப்பை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் வெளியிட்டபோதுதான் இதற்குத் தெளிவான விளக்கம் கிடைத்தது. 2003-இல் அவர் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பீட்டர் ஆக்ரேயுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த நான்கோடு ஒட்டிக்கொண்டு, தாம் துளையில் பங்கு பெறாமல் கால்வாயின் வேகத்தையோ செல்லுக்குள் அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றும் புரதங்களும் உண்டு. அவற்றை உதவித் துணையலகுகள் என்று இங்கே குறிப்பிடுவோம்.

மொத்தம் எத்தனை வகைகள் உள்ளன?

மனித மரபணுத் தொகுதியில் ஆல்ஃபா துணையலகுகளுக்கான மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 80 இருக்கின்றன. அவற்றில் 40 மின்னழுத்தத்தால் திறக்கும் கேவி (கே என்பது பொட்டாசியம், வி என்பது மின்னழுத்தம்) வகையைச் சேர்ந்தவை. கேவி1 முதல் கேவி12 வரை பன்னிரண்டு குடும்பங்கள். மீதமுள்ளவை கால்சியத்தாலோ சோடியத்தாலோ திறப்பவை, அயனிகளை வெளிநோக்கியதைவிட உள்நோக்கி எளிதில் விடும் கிர் வகை, இரட்டைத் துளை அமைப்புள்ள கே2பி வகை என்று பிரிகின்றன. கே2பி வகையில் ஒரே துணையலகில் இரண்டு துளைப் பகுதிகள் இருப்பதால் இரண்டே துணையலகுகள் சேர்ந்து ஒரு கால்வாய் ஆகிவிடும்.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. கேவி1.1 என்பது புரதத்தின் பெயர். அதற்கான மரபணு கேசிஎன்ஏ1. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. மருத்துவர்கள் மரபணுப் பெயரையும் உடலியங்கியலார் புரதப் பெயரையும் பயன்படுத்துவதால், ஒரே பொருளைப் பற்றிய இரண்டு கட்டுரைகள் வெவ்வேறு பொருள்களைப் பேசுவன போலத் தோன்றக்கூடும்.

பழ ஈக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஈதர் மயக்கத்தில் கால்கள் இடைவிடாமல் நடுங்கும் பழ ஈ வகை ஒன்று இருந்தது. அதன் பழுதுபட்ட மரபணுவுக்கு ஷேக்கர் என்று பெயர். 1987-இல் லிலி ஜான், யூ நுங் ஜான் இருவரின் ஆய்வகம் உட்படச் சில குழுக்கள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. பொட்டாசியம் கால்வாய் ஒன்றின் மரபணு கைக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பின்னர் ஷேப், ஷா, ஷால் என்ற மூன்று உறவு மரபணுக்களும் ஈயிலேயே கண்டறியப்பட்டன. பாலூட்டிகளின் கேவி1, கேவி2, கேவி3, கேவி4 குடும்பங்கள் முறையே இந்த நான்கின் வழியில் வந்தவை. ஈ ஒரே ஷேக்கர் மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும் முறையில் பல வடிவங்களை உருவாக்கிக்கொள்கிறது. பாலூட்டிகளிலோ கேவி1 குடும்பத்தில் மட்டும் எட்டுத் தனி மரபணுக்கள் உள்ளன.

வெவ்வேறு துணையலகுகள் ஒரே கால்வாயில் கலந்து சேருமா?

சேரும், ஆனால் குடும்பத்துக்கு உள்ளேதான். கேவி1.1 கேவி1.2-உடனும் கேவி1.4-உடனும் கூடும், கேவி2.1-உடன் கூடாது. ஒவ்வொரு துணையலகின் தொடக்க முனையில் உள்ள ஒரு பகுதி, தன் குடும்பத்தைச் சேர்ந்தவற்றை மட்டுமே ஏற்றுக்கொள்வதால் இந்தக் கட்டுப்பாடு நிலவுகிறது. கேவி5, கேவி6, கேவி8, கேவி9 ஆகியவை சற்றே விசித்திரமானவை: அவை தனியே செயல்படும் கால்வாய் எதையும் உருவாக்குவதில்லை, கேவி2 துணையலகுகளோடு கூடி அவற்றின் இயல்பை மட்டும் மாற்றுகின்றன.

கலப்பதால் வரும் விளைவு சிறியதன்று. கேவி1.1 தனித்து நான்காகக் கூடினால் அதன் பெரும்பகுதி செல்லுக்குள் புரதங்கள் உருவாகும் உள்வலைப் பின்னலிலேயே தங்கிவிடுகிறது; கேவி1.4 எளிதில் சவ்வை அடைகிறது. ஆகவே இரண்டும் கலந்த கால்வாயில் எது எத்தனை என்பதைப் பொறுத்தே எவ்வளவு கால்வாய் மேற்பரப்புக்கு வரும் என்பதும் அமைகிறது. மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கேவி1 கால்வாய்களில் பெரும்பாலானவை கேவி1.2-ஐக் கொண்ட கலப்பினங்களே. எனவே, ஒரு செல்லில் எந்தெந்தத் துணையலகுகள் உள்ளன என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் செல்லில் ஓடும் மின்னோட்டத்தைக் கணித்துவிட முடியாது. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் இதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்களோ அவ்வளவு நல்லது.

ஒரு துணையலகு மூளையில் எங்கே இருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன என்பதை மறந்தால் தவறு நேரும். முதல் வழி, திசுவிலேயே தூது ஆர்.என்.ஏ.-வைத் தேடுவது. அது எந்தச் செல் அந்தத் துணையலகைத் தயாரிக்கிறது என்று சொல்லும், ஏனென்றால் தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் செல்லுடலில் இருக்கிறது. இன்றைய ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. பட்டியல்களும் ஆலன் நிறுவனத்தின் சுண்டெலி மூளை வரைபடமும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வழி, குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தையே சாயமேற்றுவது. தயாரிக்கப்பட்ட புரதம் செல்லின் எந்தப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது காட்டும்.

இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் டென்டேட் கைரஸ் மடிப்பில் உள்ள கிரானூல் செல்கள் என்னும் சிறு நரம்பு செல்கள் கேவி1.4-இன் தூது ஆர்.என்.ஏ.-வை ஏராளமாக வைத்திருக்கின்றன. ஆனால் எதிர்ப்பொருள் சாயம் அந்தச் செல்லுடல்களில் அல்ல, அவற்றிலிருந்து துடிப்பைக் கடத்திச் செல்லும் ஆக்சான்களான பாசி இழைகள் சென்று முடியும், ஹிப்போகேம்பஸின் சிஏ3 பகுதியின் பட்டையில் திரண்டு தெரிகிறது. டென்டேட் கைரஸின் மூலக்கூறு அடுக்கில் நடுப்பகுதியில் தெரியும் கேவி1 சாயம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பார்த்தவுடன் அது அங்குள்ள கிரானூல் செல்களின், தூண்டலைப் பெறும் கிளைகளான டென்ட்ரைட்டுகளைச் சேர்ந்தது என்றே எண்ணத் தோன்றும். ஆனால் தொலைவில் உள்ள என்டோரைனல் புறணியைச் சிதைத்தால் அந்தப் பட்டையில் கேவி1.1, கேவி1.4 ஆகியவற்றின் சாயம் மங்கிவிடுகிறது. அப்படியானால் அவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்து சேரும் ஆக்சான்களுக்கே உரியது.

எதிர்ப்பொருள்களை எவ்வளவு நம்பலாம்?

சோதித்துப் பார்த்த அளவுக்குத்தான். கேவி1 குடும்பத்தின் உறுப்பினர்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றுக்காகத் தயாரித்த எதிர்ப்பொருள் மற்றொன்றிலும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளையிலும் அதே சாயம் தெரிந்தால் அந்த எதிர்ப்பொருளை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜேம்ஸ் டிரிம்மர் நடத்திய நியூரோமேப் திட்டம், இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்திய எதிர்ப்பொருள்களைப் பரவலாகக் கிடைக்கச் செய்தது. பரவல் பற்றிய பழைய முரண்பாடுகள் சில தீர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. சவ்வின் பரப்பில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால், உறையவைத்துப் பிளந்த சவ்வுப் படியில் தங்கத் துகள் கட்டிய எதிர்ப்பொருள்களை இட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் முறையே இன்று நம்பகமானது.

கேவி1 குடும்பம் எங்கே காணப்படுகிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஆக்சானில். கொழுப்புச் செறிந்த மையலின் உறையுள்ள ஆக்சான்களில், அந்த உறை இடைவிடும் ரேன்வியர் கணுவின் இருபுறமும், கணுவிலிருந்து சற்றுத் தள்ளி, மையலினுக்கு அடியில் மறைவாகக் கேவி1.1-உம் கேவி1.2-உம் செறிந்து கிடக்கின்றன. கணுவில் சோடியம் கால்வாய்கள். அதை அடுத்து மையலின் ஆக்சானோடு இறுகப் பிணையும் சிறு பகுதி. அதற்கு அப்பால் இந்தப் பொட்டாசியம் கால்வாய்கள். இந்த ஒழுங்கைக் காஸ்பர்2 என்ற புரதமும் அதன் கூட்டாளியான கான்டாக்டின்-2 என்ற புரதமும் நிலைநிறுத்துகின்றன. பெருமூளைப் புறணியின் பிரமிடு செல்களில் ஆக்சான் தொடக்கப் பகுதியின் தொலைமுனையில் கேவி1.2 குவிந்திருக்கிறது. சிறுமூளையில் கூடை செல்களின் ஆக்சான்கள் பர்கின்ஜி செல் என்னும் பெரிய நரம்பு செல்லின் அடிப்பகுதியைச் சுற்றித் தூரிகை போன்று முடியும் இடம், மூளை முழுவதிலும் கேவி1.1, கேவி1.2 சாயம் மிக அழுத்தமாகத் தெரியும் இடங்களில் ஒன்று.

இந்தக் கால்வாய்கள் ஓய்வு நிலைக்குச் சற்று மேலேயே திறக்கத் தொடங்குகின்றன. ஆகவே அவை ஆக்சான் தேவையின்றி மீண்டும் மீண்டும் துடிப்பதைத் தடுக்கின்றன. முனையில் வெளியாகும் வேதித்தூதின் அளவுக்கும் வரம்பிடுகின்றன. கேவி1.1 நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குப் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்தே வலிப்புகள் தோன்றுகின்றன. அவற்றில் பல இளமையிலேயே இறந்துவிடுகின்றன. கேவி1.2-இன் தேவை எவ்வளவு பரந்தது என்பதை அதன் மரபணு மாற்றங்களால் வரும் கடுமையான குழந்தைப் பருவ மூளை நோய்கள் உணர்த்துகின்றன.

உதவித் துணையலகான கேவிபீட்டா முதலில் கிடைத்ததும் இங்கேதான். பச்சை மாம்பா பாம்பின் நஞ்சிலுள்ள டென்ட்ரோடாக்சின் கேவி1.1, கேவி1.2, கேவி1.6 ஆகியவற்றில் இறுக ஒட்டும். அந்த நஞ்சைத் தூண்டிலாகக் கொண்டு மாட்டு மூளையிலிருந்து கால்வாயைப் பிரித்தபோது, ஆல்ஃபா துணையலகோடு கூடவே வேறொரு சிறு புரதமும் வந்தது. கேவிபீட்டா1 கூடினால், மெதுவாக ஓய்ந்துபோகும் கேவி1.1 மின்னோட்டம் சில மில்லிவினாடிகளிலேயே அடங்கிவிடும் விரைவு மின்னோட்டமாக மாறுகிறது.

கேவி2.1 ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

அது கேவி1-க்கு நேர் எதிரான இடத்தில் இருப்பதாலும், கால்வாயாக இல்லாதபோதும் வேலை செய்வதாலும். கேவி2.1 செல்லுடல், அதை ஒட்டிய டென்ட்ரைட்டுகள், ஆக்சான் தொடக்கப் பகுதி ஆகியவற்றில் பெரிய திட்டுகளாகக் கூடியிருக்கிறது. பெருமூளைப் புறணியிலும் ஹிப்போகேம்பஸிலும் தாமதித்துத் திறக்கும் மின்னோட்டத்தின் பெரும்பங்கு அதனுடையது. ஆனால் அந்தத் திட்டுகளில் உள்ளவற்றில் கணிசமானவை அயனியைக் கடத்துவதில்லை. அவை செல்லின் உள்வலைப் பின்னலில் இருக்கும் வேப் என்னும் புரதங்களைப் பற்றிக்கொண்டு, வெளிச் சவ்வையும் உள்வலைப் பின்னலையும் அருகருகே கட்டிப்போடுகின்றன. 2018-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. செல் மிகுதியாகத் தூண்டப்பட்டாலோ இரத்த ஓட்டம் தடைபட்டாலோ கால்சினியூரின் என்ற நொதி கேவி2.1-இலிருந்து பாஸ்பேட்டுகளை நீக்கிவிட, திட்டுகள் கலைந்து புரதம் பரவிவிடுகிறது. ஒரே மூளையை வெவ்வேறு நிலைமைகளில் பதப்படுத்தினால் வெவ்வேறு சாய அமைப்புகள் கிடைப்பதற்கு இதுவும் காரணம்.

வேகமாகத் துடிக்கும் செல்களில் கேவி3 இருப்பது ஏன்?

ஏனைய கால்வாய்கள் திறக்கத் தொடங்கும் மின்னழுத்தத்தைவிட மிக உயரத்தில், மைனஸ் 20 முதல் மைனஸ் 10 மில்லிவோல்ட் அளவில்தான் கேவி3 திறக்கிறது. செல் மீண்டும் கீழிறங்கியதும் மிக விரைவாக மூடிக்கொள்கிறது. ஆகவே துடிப்பின் உச்சியில் மட்டும் செயல்பட்டு, அடுத்த துடிப்புக்கு இடையூறாக நிற்பதில்லை. வினாடிக்குப் பல நூறு முறை துடிக்க வேண்டிய செல்லுக்கு இது இன்றியமையாதது.

அதற்கேற்பவே அதன் பரவலும் அமைந்துள்ளது. புறணியிலும் ஹிப்போகேம்பஸிலும் பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட இடைநியூரான்களில் (அருகிலுள்ள செல்களை அடக்கும் நரம்பு செல்கள்) கேவி3.1-உம் கேவி3.2-உம், சிறுமூளையின் கிரானூல் செல்களில் கேவி3.1-உம், பர்கின்ஜி செல்களில் கேவி3.3-உம், பாசி இழை முனைகளில் கேவி3.4-உம், தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகளில் கேவி3.2-உம் உள்ளன. மூளைத்தண்டில் ஒலியின் திசையைக் கணிக்கும் நரம்புக்கருக்களில் கேவி3.1 மிகுதி. அவற்றுள் ஒன்றான, ட்ரெபிசாய்டு பகுதியின் உட்பக்க நரம்புக்கருவில் இந்தப் புரதம் சீராகப் பரவவில்லை: உயர்ந்த சுருதிக்குப் பொறுப்பான உட்புறச் செல்களில் அதிகமாகவும், தாழ்ந்த சுருதிக்குரிய வெளிப்புறச் செல்களில் குறைவாகவும் இருக்கிறது. செவித்திறன் குறைந்துபோகும் சுண்டெலி இனங்களில் இந்தப் படிநிலை அழிந்துவிடுகிறது. ஆக, பரவல் என்பது பிறப்பிலேயே எழுதி முடிக்கப்பட்டதன்று, கேட்கும் ஒலியும் அதை வடிவமைக்கிறது.

கேவி4 டென்ட்ரைட்டுகளில் என்ன செய்கிறது?

1992-இல் மோர்கன் ஷெங் முதலியோர் எலி மூளையில் கேவி1.4, கேவி4.2 ஆகிய இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் விரைவில் ஓய்ந்துபோகும் ஏ-வகை மின்னோட்டத்தையே தருகின்றன. ஆனால் முதலாவது ஆக்சானிலும் இரண்டாவது செல்லுடலிலும் டென்ட்ரைட்டிலும் இருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஒரே மாதிரியான மின்னோட்டம் செல்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் முற்றிலும் வேறான பணிகளைச் செய்கிறது என்பது அன்றிலிருந்து தெளிவானது. பரவலை அறியாமல் செயலைப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஹிப்போகேம்பஸின் சிஏ1 பிரமிடு செல்லில், செல்லுடலிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஏ-வகை மின்னோட்டம் கூடிக்கொண்டே போகிறது என்று டேனியல் ஜான்ஸ்டனின் குழு 1997-இல் அளந்து காட்டியது. சுமார் 350 மைக்ரோமீட்டர் தொலைவில் அது ஐந்து மடங்காகிறது. செல்லுடலில் எழும் துடிப்பு டென்ட்ரைட்டில் பின்னோக்கிப் பரவும்போது தளர்வதற்கும், சினாப்ஸ் தூண்டல்கள் மட்டுப்படுவதற்கும் இதுவே காரணம். ஆனால் பின்னாளில் தங்கத் துகள் முறையில் கேவி4.2-ஐ எண்ணியபோது, புரதத்தின் அடர்த்தி அந்த அளவுக்கு உயரவில்லை. உயர்வு இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. எஞ்சிய வேறுபாட்டைத் துணைப் புரதங்களிலும் பாஸ்பேட் ஏற்றத்திலும் தேட வேண்டியிருக்கிறது. டிபிபி6 என்ற உதவித் துணையலகை நீக்கிய சுண்டெலிகளில் இந்த ஏற்றமே காணாமற்போனது என்பது அந்தத் திசையைக் காட்டும் வலுவான குறிப்பு. கால்சியத்தைப் பற்றும் கேசிப் புரதங்களும் கேவி4-இன் நிரந்தரக் கூட்டாளிகள். அவை 2000-இல் கண்டறியப்பட்டன.

எலி, சுண்டெலி மூளையில் கேவி4.3 பல இடைநியூரான்களில் காணப்படுகிறது. சிறுமூளைக் கிரானூல் செல்களில் கேவி4.2 முன்மடல்களிலும் கேவி4.3 பின்மடல்களிலும் மேலோங்கியிருக்கிறது. ஒரே வகைச் செல் என்று நாம் அழைப்பதற்குள்ளும் இப்படி ஒரு பிரிவினை.

கேவி7-க்கும் எம் மின்னோட்டத்துக்கும் என்ன உறவு?

டேவிட் பிரவுன், பால் ஆடம்ஸ் இருவரும் 1980-இல் தவளையின் பரிவு நரம்பு செல்களில் ஒரு மெதுவான பொட்டாசியம் மின்னோட்டத்தைக் கண்டார்கள். அதுவே எம் மின்னோட்டம். அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதை உணரும் மஸ்கரினிக் ஏற்பிகள் தூண்டப்பட்டால் அது அடங்கிவிடும். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1998-இல் அதன் மூலக்கூறு அடையாளம் தெரிந்தது: கேவி7.2-உம் கேவி7.3-உம் கலந்த கால்வாய். அதே ஆண்டில், பிறந்த சில நாட்களில் தோன்றி மாதங்களில் மறைந்துவிடும் குடும்ப வலிப்பு நோய்க்கு இந்த இரண்டு மரபணுக்களின் மாற்றங்களே காரணம் என்றும் தெரியவந்தது.

இந்தக் கால்வாய் ஆக்சான் தொடக்கப் பகுதியிலும் ரேன்வியர் கணுவிலும் ஆங்கிரின்-ஜி என்ற புரதத்தில் கட்டுண்டு நிற்கிறது. சோடியம் கால்வாய்களும் அதே புரதத்தை ஏறத்தாழ அதே அமைப்புள்ள பிடியால் பற்றுகின்றன. துடிப்பைத் தொடங்கிவைக்கும் கால்வாயும் அதை அடக்கும் கால்வாயும் ஒரே இடத்தில் ஒரே முளையில் கட்டப்பட்டிருப்பதால், மிகச் சிறிய மின்னோட்டமும் பெரிய விளைவைத் தருகிறது.

கேவி அல்லாத மற்ற வகைகள்?

கால்சியத்தால் திறக்கும் எஸ்கே கால்வாய்களைத் தேனீ நஞ்சிலுள்ள அபமின் அடைக்கும். எஸ்கே1, எஸ்கே2 இரண்டும் புறணியிலும் ஹிப்போகேம்பஸிலும் மிகுதி. எஸ்கே3 நடுமூளையின் டோபமின் செல்களில் மேலோங்கி, அவற்றின் சீரான துடிப்பைக் காக்கிறது. பெரிய கடத்துதிறன் கொண்ட பிகே கால்வாய் ஆக்சான் முனைகளில் செறிந்துள்ளது. மூளைக்கே பெரிதும் உரிய பீட்டா4 துணையலகு கூடினால் தேள் நஞ்சு அதை எளிதில் அடைக்க முடிவதில்லை. கே2பி வகையைச் சேர்ந்த ட்ரெக்-1 நீக்கப்பட்ட சுண்டெலிகளை மயக்க, முகரும் மயக்க மருந்துகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

நரம்பு செல் அல்லாதவற்றையும் விட்டுவிடக் கூடாது. நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் உள்ள கிர்4.1, நரம்பு செல்கள் வெளியே விட்ட பொட்டாசியத்தை அகற்றுவதற்கு உதவுகிறது. அதன் மரபணுவில் பழுது ஏற்பட்டால் வலிப்பு, தள்ளாட்டம், செவிட்டுத்தன்மை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை சேர்ந்து வருகின்றன. நான்கும் அந்தப் புரதம் இருக்கும் உறுப்புகளையே சுட்டுகின்றன.

பரவலை அறிந்தால் நோய் விளங்குமா?

பல வேளைகளில் விளங்கும். கேவி1.1-இன் மாற்றங்களால் வரும் முதல் வகை இடைவிட்ட தள்ளாட்ட நோய் 1994-இல் இனங்காணப்பட்டது. நோயாளிக்குச் சில நிமிடங்கள் நீடிக்கும் தள்ளாட்டம் வந்து போகும். இடைப்பட்ட நேரத்தில் தசைகளில் சிற்றதிர்வுகள் இருந்துகொண்டே இருக்கும். முதலாவதற்குக் கூடை செல் முனைகளும், இரண்டாவதற்கு இயக்க நரம்புகளின் ஆக்சான்களும் பொறுப்பு என்பது பரவலைப் பார்த்தாலே புலப்படும். கேவி3.3-இன் மாற்றங்கள் பதின்மூன்றாம் வகை முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்டத்தைத் தருகின்றன. பர்கின்ஜி செல் அதை நம்பியிருப்பதை மேலே பார்த்தோம்.

வீவர் என்ற சுண்டெலி இனத்தின் கதை இன்னும் கூர்மையானது. அதன் கிர்3.2 புரதத்தின் வடிகட்டியில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றே ஒன்று செரினாக மாறியிருக்கிறது. அதனால் கால்வாய் சோடியத்தையும் அனுமதித்துவிடுகிறது. விளைவாகச் சிறுமூளையின் கிரானூல் செல்களும், நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமின் செல்களும் அழிகின்றன. மற்ற இடங்களில் கிர்3.1 முதலிய உறவினர்களோடு கலந்திருக்கும் இந்தத் துணையலகு, அந்த டோபமின் செல்களில் கிர்3.1 இல்லாமல் இயங்குகிறது. தீமை எங்கே மிகும் என்பதைக் கூட்டாளிகளும் தீர்மானிக்கிறார்கள்.

பொட்டாசியம் கால்வாய் எதிர்ப்பொருள் என்று மருத்துவ அறிக்கையில் வந்தால் கால்வாயே தாக்கப்படுகிறது என்று பொருளா?

பெரும்பாலும் அல்ல. இந்தப் பரிசோதனையில் மூளைச் சவ்விலிருந்து பிரித்த கேவி1 கால்வாயைக் கதிரியக்கமுள்ள டென்ட்ரோடாக்சினால் குறியிட்டு, நோயாளியின் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். கால்வாய் தனியே வருவதில்லை, தன் கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது அப்போது போதிய அளவு கருதப்படவில்லை. 2010-இல் வெளியான ஆய்வுகள், நினைவிழப்பும் வலிப்பும் கொண்ட நோயாளிகளில் எதிர்ப்பொருள் பற்றுவது எல்ஜிஐ1 என்னும் சுரக்கப்படும் புரதத்தை என்றும், மற்றும் சிலரில் மேலே சொன்ன காஸ்பர்2-ஐ என்றும் காட்டின. இன்று அந்த இரண்டையும் நேரடியாகச் சோதிப்பதே முறை. இரண்டும் இல்லாமல் பழைய பரிசோதனை மட்டும் நேர்மறையாக வந்தால் அதற்கு மருத்துவ மதிப்பு குறைவு.

இந்த அறிவு மருந்தாகியிருக்கிறதா?

ஓரளவுக்கு. கேவி கால்வாய்களை அடைக்கும் 4-அமினோபிரிடின், மையலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் நடையை மேம்படுத்த 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மையலின் உரிந்த ஆக்சானில் வெளிப்பட்டுவிடும் கேவி1 கால்வாய்களை அடைத்துத் துடிப்பைக் கடத்துவதே அதன் அடிப்படைக் கருத்து. அளவு மீறினால் அதே மருந்து வலிப்பைத் தூண்டும். கேவி7-ஐத் திறக்கும் ரெட்டிகபின் 2011-இல் வலிப்பு மருந்தாக வந்து, தோலிலும் விழித்திரையிலும் நிறமாற்றம் ஏற்படுத்துவது தெரிந்தபின் பயன்பாடு சுருங்கி, 2017-இல் விற்பனையிலிருந்து நீங்கியது. ஒரு குடும்பம் முழுவதையும் அடைக்கும் மருந்தைவிடக் குறிப்பிட்ட ஒரு கலப்பினத்தை மட்டும் அடையாளம் காணும் மருந்து வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது இன்னும் எளிதில் கைகூடவில்லை.

எலி மூளையில் கண்டதை மனித மூளைக்கு அப்படியே பொருத்தலாமா?

பெரிய அமைப்புகளைப் பொருத்தலாம். ரேன்வியர் கணு, கூடை செல் முனை, ஆக்சான் தொடக்கப் பகுதி ஆகியவற்றின் ஒழுங்கு பாலூட்டிகளிடையே பெரிதும் ஒன்றே. நுணுக்கங்களில் எச்சரிக்கை வேண்டும். எலியின் இயக்கப் புறணியில் கேவி3.1-இன் பி-வடிவம் முக்கியமாக இடைநியூரான்களில் காணப்படும். மக்காக் குரங்கின் இயக்கப் புறணியிலோ அது பிரமிடு செல்களிலும் பரவலாக உள்ளது என்று 2017-இல் வெளியான ஒப்பீடு காட்டியது. குரங்கினத்தில் தண்டுவடத்துக்கு இறங்கும் பெரிய பிரமிடு செல்கள் மிகக் குறுகிய துடிப்புகளை உண்டாக்குவதற்கு இது ஒரு காரணமாகலாம். எலியில் கேவி3-ஐக் கண்டவுடன் அந்தச் செல்லை இடைநியூரான் என்று எழுதிவிடும் பழக்கத்தோடு குரங்கு மூளையின் படங்களைப் படிக்க முடியாது.